டர்பனில் ஏர்கான் கிளீனிங் தொழில்: முதல் ஆறு மாதத்துக்கான முழுமையான வழிகாட்டி

சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசியை வீடு வீடாகப் போய்க் கழுவி, சரிபார்த்துக் கொடுக்கும் ஒற்றை ஆள் தொழிலுக்கான வழிகாட்டி இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஏசி என்றால் புரிந்துகொள்வார்கள். ஆனால் கேட்பது 'ஏர்கான்' என்றுதான். சுவர் ஸ்ப்ளிட்டுக்கு 'மிட்வால்' என்று பெயர். விளம்பரத்தில் அந்தச் சொற்களையே போடுங்கள்.

புதிதாக இறங்குகிறவர்களில் வேலை தெரியாமல் தோற்பவர்கள் குறைவு. வரிசை மாறித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டியை வாங்கிவிட்டு விலையை யோசிப்பது, காயிலை (காற்றைக் குளிர்விக்கும் பகுதியை) கழுவிவிட்டு டிரெயினை (தண்ணீர் வெளியேறும் குழாயை) பார்ப்பது, வேலை முடிந்தபின் தொகையைச் சொல்வது. ஆகவே கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. எதையெல்லாம் தொட மாட்டீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

கழுவுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை. கேஸில் கைவைத்தால் கதை வேறு. குளிரூட்டி வாயுவை ஏற்றவோ இறக்கவோ, குழாயைக் கழற்றவோ எஸ்ஏக்யூசிசி கேஸ் அமைப்பில் பதிவு பெற்றவருக்கு மட்டுமே அனுமதி. புது யூனிட்டுகளில் வரும் ஆர்-32 வாயு தீப்பிடிக்கும் தன்மையும் கொண்டது. ஐசொலேட்டரை (ஏசிக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) மாற்றுவது, புது லைன் இழுப்பது போன்ற நிரந்தர வயரிங் வேலைகள் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனுடையவை. மாடி ஃபிளாட்டில் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் அவுட்டோர் யூனிட்டையும் விட்டுவிடுங்கள். எட்டிப் பிடித்து வேலை செய்ய அது இடமல்ல.

இந்த மூன்றையும் விட்டால் வருமானம் போய்விடுமே என்று தோன்றும். போகாது. கேஸ் பதிவு உள்ள ஒருவரையும், ஒரு எலக்ட்ரீஷியனையும் முதல் மாதத்திலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பும் வேலைக்குப் பதிலாக, அவர்களுக்கு நேரமில்லாத கிளீனிங் வேலையெல்லாம் உங்களிடம் வரும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த விசா, அதில் எழுதியுள்ள வேலைக்கு மட்டுமானது. பக்கத் தொழில் நடத்த அனுமதி அல்ல. தொழில் விசாவுக்குப் பொதுவான முதலீட்டு வரம்பு 50 லட்சம் ராண்டு. நிரந்தர வசிப்புரிமையோ தென்னாப்பிரிக்கக் குடியுரிமையோ இல்லாதவர்கள் விசா விஷயத்தை முடித்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. விலையைக் கணக்குப் போட்டுவிட்டுக் கருவி வாங்குங்கள்

பெரும்பாலோர் செய்வது இதுதான்: பக்கத்துத் தெருக்காரர் 400 ராண்டு வாங்குகிறார், நாம் 350 வாங்குவோம். அவருடைய செலவு என்னவென்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

கணக்கை மாதத்திலிருந்து தொடங்குங்கள். கீழே வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது 18,000 ராண்டு. வண்டித் தவணையும் வண்டிக் காப்பீடும் 3,000. பொறுப்புக் காப்பீடு (வாடிக்கையாளர் பொருளுக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கானது) 600. போனும் டேட்டாவும் 700. கணக்கு எழுதுபவருக்கு 700. தேயும் கருவிகளுக்கு 1,000. மொத்தம் 24,000.

அடுத்தது, மாதத்தில் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஒரு நாளைக்கு மூன்று வீடு, இருபது நாள், 60 வீடு என்று காகிதத்தில் வரும். முதல் வருடத்தில் 40 வந்தாலே நல்ல நிலை. மழை நாள், வீட்டில் ஆள் இல்லாத நாள், சாமான் வாங்கப் போன நாள் எல்லாம் அதில் அடங்கிவிடும். 24,000-ஐ 40-ஆல் வகுத்தால் ஒரு வீட்டுக்கு 600. போகவர 30 கிலோமீட்டர், பெட்ரோலும் தேய்மானமும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 5 ராண்டு என்றால் 150. கழுவும் மருந்துக்கு 40. ஆக 790 ராண்டு. வருமான வரிக்கு இதற்கு மேல் ஒதுக்க வேண்டும்.

350-க்குப் போனவருக்கு என்ன ஆகிறது பாருங்கள். பயணமும் மருந்தும் போக 160 மிஞ்சும். 40 வீட்டுக்கு 6,400. மாதத்துக்கு 17,600 ராண்டு பள்ளம். மூன்று மாதம் கடன் அட்டையில் ஓட்டிவிட்டு, "இந்தத் தொழிலில் ஒன்றுமில்லை" என்று கருவிகளை விற்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான்.

ஒரே வீட்டில் இரண்டாவது யூனிட்டுக்குப் பயணச் செலவு கிடையாது, நேரம் முக்கால் மணி மட்டுமே. அதற்கு 400 போதும். மூன்று யூனிட் வீடு 1,590 ராண்டு ஆகும். தள்ளுபடி கேட்பவருக்குக் கொடுக்க வேண்டிய பதிலும் இதிலேயே இருக்கிறது: முதல் யூனிட்டின் விலையைக் குறைக்காதீர்கள், கூடுதல் யூனிட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கோயிலில் பார்க்கிற முகங்களும் சொந்தக்காரர்களும் "அண்ணா, பார்த்துப் போடுங்க" என்பார்கள். அவர்களுக்கென ஒரே ஒரு விலை வையுங்கள். பத்து சதவீதம் குறைவு என்றால் எல்லோருக்கும் அதே பத்து. ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று என்று சொன்னால் அடுத்த பூசையன்று அன்னதான வரிசையிலேயே அது வெளிவந்துவிடும்.

3. வட்டம் போடுங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்காவுக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். காலை ஒன்று அங்கே, மதியம் ஒன்று இசிப்பிங்கோவில், மாலை ஒன்று வெருலத்தில் என்று ஒப்புக்கொண்டால் சம்பாதிப்பது என்-2 நெடுஞ்சாலைதான், நீங்கள் அல்ல. டோங்காட் பக்கம் போனால் சுங்கச் சாவடிக் கட்டணமும் சேரும்.

நாளை இடத்துக்கு ஒதுக்குங்கள். திங்களும் வியாழனும் சாட்ஸ்வொர்த், ஷால்கிராஸ். செவ்வாய் ரெசர்வாயர் ஹில்ஸ், வெஸ்ட்வில். புதன் ஃபீனிக்ஸ், வெருலம், உம்லாங்கா. வெள்ளி மெரிபேங்க், இசிப்பிங்கோ. "உங்கள் பகுதிக்குப் புதன்கிழமை வருகிறேன்" என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். உடனே வேண்டும் என்பவருக்குத் தனிக் கட்டணம்.

4. பதிவு, வங்கி, காப்பீடு

உங்கள் பெயரிலேயே தனிநபர் தொழிலாகத் தொடங்கலாம். கம்பெனி வேண்டுமானால் சிஐபிசி (கம்பெனிகளைப் பதியும் அரசு அமைப்பு) நடத்தும் பிஸ்போர்ட்டல் தளத்தில் நீங்களே பதியலாம்: பதிவுக்கு 125 ராண்டு, பெயர் ஒதுக்க 50 ராண்டு. இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. பதிவானதும் வருமான வரி எண் தானாக வரும். மறக்கிற இடம் அடுத்த வருடம்: கம்பெனி தொடங்கிய தேதி வரும்போது ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். தொடர்ந்து விட்டுவிட்டால் பதிவு நீக்கப்படும். கம்பெனியின் வங்கிக் கணக்கும் சிக்கலாகும்.

வீடுகளுக்கு மட்டும் வேலை செய்பவர் முதல் வருடம் தனிநபராக இருப்பதே சுலபம். ஃபிளாட் நிர்வாகங்கள், அலுவலகங்கள் கம்பெனிப் பதிவையும் வரிச் சான்றையும் கேட்பார்கள்; அந்த வேலை வரும்போது மாறிக்கொள்ளலாம்.

எதுவானாலும் தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு முதல் நாளே வேண்டும். வருகிற ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை வரிக்காகச் சேமிப்புக்குத் தள்ளுங்கள். பிப்ரவரி இறுதியில் கணக்கு முடிப்பவர்களுக்கு இடைக்கால வரி ஆகஸ்ட் இறுதியிலும் பிப்ரவரி இறுதியிலும் வரும். ஆகஸ்டில் வேலையும் மந்தம், கையும் வறட்சி. அப்போது தேடினால் கிடைக்காது. வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண் இல்லாதவர் பில்லில் 15% வாட் சேர்க்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொறுப்புக் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வாளி அழுக்குத் தண்ணீர் மெத்தையிலோ டிவியிலோ கொட்ட ஒரு நொடி போதும்.

5. கருவிகள்

ஆறு படி ஃபைபர் ஏணி ஒன்று. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும், வேண்டாம். கையால் பம்ப் அடிக்கும் 8 லிட்டர் ஸ்பிரேயர். ஈரமும் உறிஞ்சும் 20 லிட்டர் வேக்குவம். யூனிட்டைச் சுற்றிக் கட்டும் கழுவு பை இரண்டு: 9,000, 12,000 பிடியூவுக்கு (ஏசியின் குளிரூட்டும் திறனின் அளவு) சின்னது, 18,000, 24,000-க்குப் பெரியது. மென்மையான பிரஷ், ஃபின்களை (காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளை) நிமிர்த்தும் சீப்பு, கம்பி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், தொடாமல் மின்சாரம் காட்டும் டெஸ்டர், இரண்டு வாளி, நான்கு பழைய பெட்ஷீட்.

அதோடு 25 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, எப்போதும் நிரப்பியபடி. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு வடக்குப் பகுதிகளில், முக்கியமாக டோங்காட், வெருலம் பக்கம், குழாயில் தண்ணீர் வராத நாட்களைப் பார்த்திருப்பீர்கள். போய் இறங்கியபின் தண்ணீர் இல்லையென்றால் அன்றைய 790 போச்சு.

காரை அழுத்தத்தில் கழுவும் மிஷினை இன்டோர் யூனிட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஃபின்கள் மடங்கி ஒட்டிக்கொண்டால் காற்று போகாது. அமிலம் கலந்த மருந்தும் வேண்டாம். கடலோர ஃபிளாட்டுகளில் நீலப் பூச்சு கொண்ட காயில்கள் இருக்கும். கடுமையான காரமும் அந்தப் பூச்சை உரித்துவிடும், பிறகு உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

வண்டி கடைசி. இருக்கிற காரின் பின் சீட்டை மடக்கினால் இவ்வளவும் அடங்கும். பக்கி வாங்கத் துடிக்காதீர்கள். (இங்கே பக்கி என்றால் சின்னச் சரக்கு வண்டி. தவணையை முதல் மாதமே தலையில் ஏற்றிக்கொண்டால் நம்மூர் அர்த்தமும் பொருந்திவிடும்.)

6. போனில் பேசவேண்டியதை எழுதிவையுங்கள்

எத்தனை யூனிட், எந்த மாடி, தண்ணீர் சொட்டுகிறதா, குளிர் குறைவா, கடைசியாக எப்போது கழுவியது. இந்த ஐந்தும் தெரிந்தால் பாதி மதிப்பீடு முடிந்தது.

பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் உண்டென்றால் வீட்டுக்குக் கிளம்பும் முன் சொல்லுங்கள்: "அக்கா, வந்து பார்க்க 250 ராண்டு. வேலை கொடுத்தீங்கன்னா பில்லுல கழிச்சிடுவேன்." இது மரியாதைக்காக மட்டுமல்ல. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்காமல் மதிப்பீட்டுக்கே கட்டணம் கேட்க முடியாது. வேலையின் தொகை மதிப்பீட்டைத் தாண்டினாலும் மறுபடி கேட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும். வாட்ஸ்அப்பில் தொகையை அனுப்பி, 'சரி' என்று ஒரு சொல் பதிலாக வாங்கிவிடுங்கள். நீங்கள் மாற்றிப் போடும் பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் 57-ஆம் பிரிவு மூன்று மாத உத்தரவாதம் வைக்கிறது. விலையில் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பல தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். மதிப்பீடும் பில்லும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றால் போதும். நேரம் குறிக்கும்போது மட்டும் உஷார்: 'ஜஸ்ட் நவ்' என்று இந்த ஊரில் சொன்னால் 'இப்போதே' இல்லை, 'எப்போதாவது'. மணி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

7. வீட்டுக்குள்: அளவு, டிரெயின், காயில், மறுபடி டிரெயின், மறுபடி அளவு

முதலில் ஏசியை ஓட்டிப் பாருங்கள். 17 டிகிரியில் வைத்து, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, 15 நிமிடம். மேலே உள்ளே போகிற காற்றின் வெப்பத்தையும், கீழே வெளியே வருகிற காற்றின் வெப்பத்தையும் அளந்து எழுதுங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் பொதுவாக நலம். 4, 5 டிகிரிதான் என்றால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள்: அழுக்காக இருக்கலாம், கேஸ் குறைவாகவும் இருக்கலாம், கழுவிய பிறகுதான் தெரியும். இந்த வாக்கியத்தைக் கழுவும் முன் சொன்னால் தகவல்; கழுவிய பின் சொன்னால் சாக்கு. புதியவர்கள் வாங்கும் திட்டில் பெரும்பகுதி இந்த 15 நிமிடத்தை மிச்சப்படுத்தியதால் வருவது.

பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே உள்ள கீறல், உடைந்த கிளிப், மஞ்சளான இடம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பிறகு ஐசொலேட்டரை அணைத்து, டெஸ்டரால் உறுதிசெய்து, பத்து நிமிடம் விடுங்கள். இன்வெர்ட்டர் யூனிட்டின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் ஃபில்டரைப் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி நிழலில் காயப்போடலாம்.

இப்போது டிரெயின். காயிலைத் தொடும் முன் டிரேயில் (காயிலுக்கு அடியில் தண்ணீர் சேரும் தட்டில்) ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வெளியே குழாய் முனையில் போய்ப் பாருங்கள். டர்பன் ஈரப்பதத்தில் குழாய்க்குள் ஜெல்லி மாதிரிப் பாசி வளர்ந்திருக்கும். வெளி முனையில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், சில சமயம் பல்லி செத்துக் கிடக்கும். வெளி முனையில் வேக்குவத்தைப் பொருத்தி, இடைவெளியைத் துணியால் அடைத்து, இரண்டு மூன்று நிமிடம் உறிஞ்சுங்கள். குழாய்க்குள் காற்றடித்துத் தள்ளுவது பலர் செய்யும் தவறு. பாசி டிரேக்கே திரும்பும்; சுவருக்குள் இருக்கும் இணைப்பு கழன்றால் ஒரு வாரத்தில் பெயின்ட் உப்பும், பில் உங்களுக்கு வரும்.

ஏன் டிரெயின் முதலில்? காயிலிலிருந்து கரையும் அழுக்கெல்லாம் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. பாதி அடைந்த குழாயில் அந்தச் சேறு போய்ச் சேர்ந்தால் முழுவதும் அடைத்துக்கொள்ளும். "கழுவுறதுக்கு முன்னாடி சொட்டவே இல்லையே" என்று இரண்டாம் நாள் வரும் போனுக்கு இதுதான் காரணம்.

கழுவு பையைக் கட்டுங்கள். வலப்பக்கமோ இடப்பக்கமோ இருக்கும் சர்க்யூட் போர்டை உலர்ந்த துணியாலும் பிளாஸ்டிக்காலும் மூடி டேப் போடுங்கள். மருந்தை டப்பாவில் சொன்ன அளவுக்குக் கலந்து அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, ஃபின்னின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தேய்த்து ஸ்பிரேயரால் அலசுங்கள். மருந்து மிச்சமிருந்தால் அலுமினியத்தை அரிக்கும். பைத் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுவது அதற்காக.

புளோயரில் (காற்றை வீசும் உருளையில்)தான் பொறுமை வேண்டும். உருளையைக் கையால் சுற்றி ஒவ்வொரு இதழாகச் சுத்தம் செய்யுங்கள். பாதியை விட்டுவிட்டால் எடை சமமில்லாமல் போய், ஓடும்போது அதிரும்; கழுவும் முன் இல்லாத சத்தம் கழுவிய பின் வரும்.

அவுட்டோர் யூனிட் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடலைப் பார்த்த வீடுகளில் உப்பை எடுப்பதே முக்கிய வேலை. தாங்கும் பிராக்கெட்டில் துரு இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

மறுபடி டிரேயில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், இந்த முறை இரண்டு லிட்டர். ஃபேனில் மட்டும் 20 நிமிடம் ஓட்டிக் காயவிட்டு, கூலில் போட்டு மறுபடி அளந்து, இரண்டு அளவையும் பில்லிலேயே எழுதுங்கள். வித்தியாசம் ஏறவில்லை என்றால் கேஸ்காரர் எண்ணைக் கொடுத்து விலகுங்கள். கிளம்பும் முன் ஃபிளாப் மேலும் கீழும் ஆடுகிறதா பாருங்கள்; அந்த மோட்டாரின் சின்னக் கனெக்டரை மறுபடி செருக மறப்பது வெகு சாதாரணம்.

8. பணம்

வீட்டை விட்டு வெளியே வருவதற்கு முன் வாங்குங்கள். வங்கிப் பரிமாற்றத்தின் ஸ்கிரீன்ஷாட்டோ பிடிஎஃப்போ பணம் ஆகாது. போலிகள் தாராளமாக உலவுகின்றன. உங்கள் கணக்கில் விழுந்ததை உங்கள் ஆப்பில் பாருங்கள். 2023-இல் வந்த பேஷாப் என்ற வங்கிகளின் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் போன் எண்ணுக்கே உடனடியாக அனுப்பச் சொல்லலாம். ரொக்கம் வாங்கினாலும் பில் கொடுத்து, அன்றே தொழில் கணக்கில் போடுங்கள்.

9. திரும்ப வரச் சொல்லும் போன்கள்

இதற்கு ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, என்ன புகார், எந்தப் படி தவறியது. ஏழு நாளுக்குள் சொட்டினால் காசில்லாமல் போய்ப் பார்ப்பேன் என்று பில்லிலேயே எழுதலாம். நாற்பதுக்கு ஒன்றிரண்டு வந்தால் இயல்பு. ஐந்து வந்தால் நீங்கள் எங்கோ அவசரப்படுகிறீர்கள். நோட்டைப் புரட்டினால் எந்தப் படி என்று தெரிந்துவிடும். புது விளம்பரம் போடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

10. உதவியாள்

நாளுக்கு மூன்று வீடு இரண்டு மாதம் தொடர்ந்து ஓடிய பிறகுதான் இந்தப் பேச்சே. குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் 1-இல் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது; மார்ச் தோறும் மாறும் என்பதால் அந்த மாதம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலைக்குக் கூப்பிட்டாலும் அன்று நான்கு மணி நேரக் கூலி உண்டு. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு யுஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பிடிக்க வேண்டும்: அவர் பங்கு 1%, உங்கள் பங்கு 1%. வேலையில் அடிபட்டால் ஈடு தரும் இழப்பீட்டு நிதியிலும் பதிய வேண்டும். ஏணி ஏறுகிற தொழிலில் இதை விடுவது தற்கொலைக்குச் சமம். அவரைச் சம்பளப் பட்டியலில் காட்டாமல் 'கான்ட்ராக்டர்' என்று எழுதிவைத்தாலும், உங்கள் நேரத்தில் உங்கள் கருவியால் வேலை செய்பவர் சட்டத்தின் கண்ணில் உங்கள் ஆள்தான்.

முதல் இரண்டு வாரம் டிரெயினையும் ஃபில்டரையும் மட்டும் கொடுங்கள். போர்டு மூடுவதை நீங்களே செய்யுங்கள்.

11. வருடத்தின் போக்கு

நவம்பர் முதல் மார்ச் வரை போன் ஓயாது; ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒலிக்காது. ஆகஸ்ட் கடைசியில் பழைய பில்களை எடுத்து, போன வருடம் கழுவிய ஒவ்வொரு வீட்டுக்கும் வாட்ஸ்அப் அனுப்புங்கள்: வெயில் ஏறும் முன் செப்டம்பரில் இடம் இருக்கிறது, டிசம்பரில் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் வீட்டைத் துடைத்துச் சுத்தம் செய்யும் காலம். தமிழ், இந்திக் குடும்பங்கள் அப்போது கூப்பிடுவார்கள், அந்த நாட்களைப் புது வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கிவையுங்கள்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் தாண்டும்வரை கட்டடத் துறை விடுமுறை. உதிரிக் கடைகளில் பல மூடியிருக்கும். மருந்து, டிரெயின் குழாய், கழுவு பை எல்லாவற்றையும் டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் ஐந்து வாரத்துக்கு வாங்கி அடுக்கிவிடுங்கள்.